சங்கு இறங்கும் நிறுத்தம்

“எப்ப இருந்து இவருக்கு மறக்க ஆரம்பிச்சது, சேச்சி?”

ஆஸ்பத்திரியில் ஞாபகப் பரிசோதனை செய்யும் ஷஹனா மேடம் முதல் தடவையே என்னிடம் இதைக் கேட்டார். என் பக்கத்தில் கொழுந்தன் பப்பன் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கூட்டிவந்த கார் அவனுடையது. அவனை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது? குளத்தில் குளிக்கப் போனவர் வேறு யாருடைய வேட்டியையோ கட்டிக்கொண்டு வந்ததையா? சாப்பிட்ட கை காயும் முன்பே “சோறு ஆகலையா?” என்று கேட்பதையா?

“வயசாகுதில்ல” என்றேன். மேடம் அதை எழுதிக்கொண்டார்.

என் கணவர் குஞ்ஞிராமன் முப்பத்தொரு வருடம் தலச்சேரி லைனில் பஸ் கண்டக்டராக இருந்தவர். மேடம் அவரிடம் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சங்கு, மாம்பழம், ஏணி, கடிதம், மஞ்சள். அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் மட்டும் நன்றாக வந்தது. எண்களெல்லாம் ஒரு மூலையில் போய் நெருக்கியடித்து நின்றன. ஐந்து வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டபோது அவர் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீ யாரோட மகள், மோளே?” என்றார்.

முப்பதுக்குப் பதிமூன்று. மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் பப்பன் ஆரம்பித்துவிட்டான். “ஏட்டனைக் கடிகாரம் வரையச் சொன்னா பப்படத்தை வரைஞ்சு ஓரத்துல கடுகு தெளிச்சு வெச்சிருக்காரு!” மொத்தக் கடையும் சிரித்ததாம். என் கணவரும் அங்கேதான் இருந்தார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எதை மறந்தாலும் அந்தச் சிரிப்பை மட்டும் அவர் மறக்கவில்லை.

நான் பப்பனிடம் கேட்டேன். “கூடப் பிறந்த அண்ணனை இப்படியா பேசுவ?”

“அடுத்த தடவை பாஸாகச் சொல்லுங்க, ஏட்டத்தி. அதே கடையில எல்லாருக்கும் நான் டீ வாங்கித் தர்றேன்.”

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் அந்த மூன்று மாதம் நான் பாடம் நடத்தியதுபோல எந்த டீச்சரும் நடத்தியிருக்க மாட்டாள். தட்டைக் கவிழ்த்து, கரியால் எண் போட்டு, கடிகாரம் கற்றுக்கொடுத்தேன். மேடம் கேட்ட மற்றக் கேள்விகளுக்கும் பதில் பழக்கினேன். வார்த்தைகள்தான் நிற்கவில்லை. காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் போய்விடும். ஒருநாள் முற்றத்தில் உட்கார்ந்து அவர் தனக்குத்தானே நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆலுங்கல், பாலம், மில்லு, ஸ்கூல்படி, சந்தை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“ஆலுங்கல்ல யாரு எறங்கணும்?” என்று கேட்டேன்.

“யாரு?”

“சங்கு. பாலத்துல மாம்பழம். மில்லுல ஏணி.”

“ஏணிக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும்டீ” என்றார். வெகுநாள் கழித்து இருவரும் சிரித்தோம்.

ஸ்கூல்படியில் கடிதத்தையும் சந்தையில் மஞ்சளையும் இறக்கிவிட்டோம். பிறகு அவர் எதையும் தவறவிடவில்லை.

இரண்டாவது பரிசோதனைக்கும் பப்பன்தான் காரோட்டினான். மேடம் அதே ஐந்து வார்த்தைகளைச் சொன்னார். திருப்பிக் கேட்டபோது என் கணவர் ஒவ்வொரு நிறுத்தத்தையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, இறங்குகிற ஆளை மட்டும் உரக்கச் சொன்னார். ஐந்தையும் சொல்லிவிட்டு, வண்டி புறப்பட பெல் அடிப்பதுபோல மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். மேடம் சிரித்தேவிட்டார். “மருந்து நல்லா கேக்குது, சேச்சி!” முப்பதுக்கு இருபத்தேழு. நினைவு சரியாக உள்ளது என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

“பென்ஷன் ஆபீஸ்ல கேப்பாங்க, எங்கிட்ட இருக்கட்டும்” என்று பப்பன் அந்தத் தாளை வாங்கிக்கொண்டான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத நான் அன்று டீக்கடை வாசல்வரை போய், “அவரு பாஸாயிட்டாரு” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். பப்பன் சொன்னபடியே டீ வாங்கிக்கொடுத்தான்.

அடுத்த வாரம் முடிவெட்டக் கூட்டிப்போகிறேன் என்று பப்பன் அவரை அழைத்துப்போனான். திரும்பி வந்தவரின் தலைமுடி அப்படியே இருந்தது. கட்டைவிரலில் மை. கையில் அல்வாப் பொட்டலம்.

“எங்க போனீங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்கு. டிக்கெட் கொடுத்தேன்” என்றார்.

மாதம் முடிவதற்குள் நிலம் அளக்கிறவர்கள் சங்கிலியோடு வந்தார்கள். என் கணவர் பேரில் இருந்த வீடும் எட்டு சென்ட் நிலமும் பப்பன் பேருக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகியிருந்தன. பத்திரத்தோடு ஷஹனா மேடத்தின் தாளும் இருந்தது.

“ஏட்டன் முழுப் புத்தியோட எழுதிக் கொடுத்தாரு” என்றான் பப்பன். “நான் சொல்லல, ஏட்டத்தி. டீக்கடைக்கு வந்து நீங்கதானே சொன்னீங்க.”

மறுநாளே அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவருக்கு ஒன்றும் நினைவில்லை என்று எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன். மேடம் வேறு ஐந்து வார்த்தைகள் வைத்துப் பார்த்தார். இவர் ஒவ்வொன்றுக்கும் என் பக்கம் திரும்பி, யார் எங்கே இறங்க வேண்டும் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை.

“இதை எழுதித் தாங்க, மேடம்.”

“தர்றேன். ஆனா இன்னைக்குத் தேதிதான் போட முடியும். அப்ப நல்லா இருந்தாரு, இப்ப மோசமாயிட்டாருன்னுதான் கோர்ட்ல படிப்பாங்க.”

“அன்னைக்கு ஏமாந்துட்டேன்னு எழுதுங்க.”

“ஏமாத்தினது நீங்க, சேச்சி. நான் எதுக்கு அப்படி எழுதணும்?”

நான் விடவில்லை. “மூணு மாசம் கழிச்சும் அதே அஞ்சு வார்த்தையத்தானே கேட்டீங்க? அன்னைக்கே வேற கேட்டிருந்தா எனக்கு வீடு இருந்திருக்கும்.”

மேடம் எதுவும் எழுதாமலே பேனாவை மூடினார். எங்கள் ஃபைலை மற்ற ஃபைல்களுக்கு அடியில் செருகினார். எழுந்து, ஷாலைச் சரிசெய்துகொண்டு, என்னையும் பார்க்காமல் அவரையும் பார்க்காமல் திரைச்சீலையை விலக்கி வெளியே போனார்.