மஞ்சள் வைக்காத வேட்டிகள்

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் துணி வாங்கத் தெரியாது. அங்கமுத்து இதை எப்போதோ முடிவு கட்டிவிட்டார். துணி என்றால் விரலில் கசக்கிப் பார்க்கணும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கணும், முடிந்தால் மோந்தும் பார்க்கணும். இவர்கள் என்ன செய்கிறார்கள்? போனைத் தேய்க்கிறார்கள். படத்தைப் பார்த்துக் காசு கட்டுகிறார்கள். நாலு நாள் கழித்து மோட்டார் சைக்கிளில் ஒருத்தன் வந்து பிளாஸ்டிக் பையை வேலிக்கு மேலே வீசிவிட்டுப் போகிறான். உள்ளே எது இருக்கிறதோ அதுதான் இவர்களுக்குத் துணி.

அப்படி வேலி தாண்டி விழுந்த ஒரு பை, ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் அவருடைய வீட்டுக் கூடத்திலேயே பிரிந்து கிடந்தது. அவர் மனைவி பாப்பா, பக்கத்து வீட்டு விமலாவின் போன் வழியாகத் தருவித்தது.

"பருத்தின்னு போட்டிருந்துச்சுங்க. விமலா படிச்சுக் காட்டுனா."

"போட்டிருக்கும். என் நெத்தியில ராஜான்னு எழுதி ஒட்டுனா நான் ராஜாவா?"

அங்கமுத்து துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரைத் தட்டினார். நூல் எரியவில்லை. சுருண்டு உருகி, மிளகு மாதிரி கறுப்பாய் உருண்டு நின்றது. கூடமெல்லாம் பிளாஸ்டிக் வாளி கருகிய நாற்றம்.

"இதப் போத்திக்கிட்டுப் படுத்தா ஒம்மவ வேர்த்தே கரைஞ்சு போவா."

பாப்பாவின் முகம் விழுந்துவிட்டது. விழாமல் என்ன செய்யும்? தையல்கடைகளில் கழிந்த துண்டுத் துணிகளை மாதக்கணக்காய்ச் சேர்த்து, சதுரம் சதுரமாய் வெட்டி இணைத்து, பெரிய கட்டிலுக்குப் போதுமான ஒட்டுப் போர்வை ஒன்றை அவள் தைத்துக்கொண்டிருந்தாள். மேல்பக்கம் முடிந்துவிட்டது. நடுவில் வைக்கும் பஞ்சும் வந்துவிட்டது. பஞ்சைத் தாங்குவதற்கு அடித்துணிதான் பாக்கி. அதற்கென்று வந்ததுதான் இந்தப் பை. ஞாயிற்றுக்கிழமை மகள் துளசி செமோரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாள். அன்றைக்குப் போர்வை கட்டிலில் விரிந்திருக்கவேண்டும்.

துளசி வாழ்க்கைப்பட்டிருப்பது யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில். மாமியார் சரோஜாதேவி அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பங்குக்குப் பெரிய குளிர்பெட்டி ஏற்கெனவே இறங்கிவிட்டது.

"அவங்க பொட்டி வெச்சிருக்காங்க. நாம பாத்திரக் கடைத் தட்டோட போய் நிக்கணுமா?" என்றாள் பாப்பா. "நான் கொடுக்குறது இது ஒண்ணுதான். அது முடியலன்னா நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

அவள் சொன்னால் செய்துவிடுவாள் என்று அங்கமுத்துவுக்குத் தெரியும்.

"அடித்துணிதானே? நானே போய் வாங்கிட்டு வாரேன். கண்ணு இருக்கு, கையி இருக்கு."

மறுநாள் பஸ் ஏறி ஈப்போ டவுனுக்குப் போனார். முதல் கடையில் அகலப் பருத்தி இருந்தது. கசக்கிப் பார்த்தார், நல்ல துணிதான். விலையைக் கேட்டார். ஒரு மீட்டர் விலைக்கு ஒரு வாரம் மீன் வாங்கித் தின்னலாம். போர்வைக்கு அஞ்சு மீட்டர் வேணும்.

"அகலம் கம்மியா இருக்குறதக் காட்டு, அமோய்," என்றார் கடைக்காரச் சீனப்பெண்ணிடம். அது விலை குறைவு. ஆனால் மூன்று துண்டாக ஒட்டுப் போடணும், துணியும் கூடுதலாக வேணும். கடைசியில் கணக்கு அதே இடத்தில்தான் வந்து நின்றது. அதற்கும் கீழே ஒன்று இருந்தது. அங்கமுத்து பேசாமல் அதில் ஒரு நூலை உருவி லைட்டரை எடுத்தார்.

"ஐயோ அங்கிள்! தாக் போலே, தாக் போலே!" கூடாது கூடாது என்று மலாயில் கத்தியபடி அந்தப் பெண் மேசையைச் சுற்றி ஓடிவந்து லைட்டரைப் பிடுங்கி, வாசல்வரை அவரைக் கொண்டுபோய் விட்டு, அங்கே திருப்பிக் கொடுத்தாள்.

"மடியில கனமில்லன்னா எரிச்சுப் பாக்க விடு!" என்றார் அவர் வெளியே நின்று. அவளுக்கு அது புரியவில்லை. நல்லதுதான்.

அடுத்த கடையில் வெளுக்காத பெலாச்சுத் துணி இருந்தது. பழுப்பு நிறம், பருத்தி, மலிவு. எல்லாமே சரிதான். அதைத்தான் சாவு வீட்டில் சீனர்கள் தலையில் கட்டுகிறார்கள். மகள் பால் காய்ச்சும் வீட்டுக் கட்டிலில் அதையா போடுவது? பண்டல் கடையில் பழைய படுக்கை விரிப்புகள் மலைபோல் குவிந்து கிடந்தன. எவன் படுத்தானோ, எந்த வியாதியில் படுத்தானோ! தொடக்கூட இல்லை.

வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடாதே என்று அரைக்கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அலமாரி வாய் திறந்து கிடந்தது. பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், உறை பிரிக்காத புது வேட்டிகள் ஓர் அடுக்கு.

"அத எடுக்காத," என்றார் அங்கமுத்து வாசலிலிருந்தே.

அந்த வேட்டிகளுக்கு ஒரு கதை உண்டு. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் குடியிருப்பாளர் சங்கத்தில் பெரியவர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு எட்டு முழ வேட்டி கொடுப்பார்கள். சங்கத் தலைவன் தனேஸ்வரன், லோரி வைத்திருக்கிறவன், ஒரு முனையைப் பிடித்துக்கொள்வான். வாங்குகிறவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கணும். போட்டோ. பாப்பாவின் தொல்லைக்காக அங்கமுத்து போவார், பிடிப்பார், சிரிக்கமாட்டார். வீட்டுக்கு வந்ததும் வேட்டி அலமாரிக்குள் போய்விடும்.

புதுத் துணி என்றால் முனையில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் உடுத்துவது. அந்த வேட்டி ஒன்றுக்கும் அவர் மஞ்சள் வைத்ததில்லை. மஞ்சள் வைக்கவில்லை என்றால் உடுத்தவில்லை. உடுத்தவில்லை என்றால் வாங்கவில்லை. வாங்கவில்லை என்றால் எவனுக்கும் எதுவும் செய்யவேண்டியதில்லை. இதுதான் அங்கமுத்துவின் சட்டம்.

அந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நாளில், தீபாவளிக்கு அங்கே கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். கும்பிட்டு வாங்கணும். அடுத்த வாரம் அவர் வீட்டுப் புல்லைச் சும்மா வெட்டணும். முடியாது என்று ஒருத்தன் முணுமுணுத்தால், "துண்டு வாங்குனியா இல்லியா?" என்று ஒரே கேள்வி. அந்தத் துண்டு கிழிந்த பிறகும் புல் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

"தனேஸ்வரன் வீட்டுல புல்லே இல்ல. சிமெண்டு போட்டிருக்கான்," என்றாள் பாப்பா.

"அப்ப வோட்டுக் கேப்பான்."

"இத்தன வருசத்துல கேட்டானா?"

"சேத்து வெச்சுக் கேப்பான்."

"கேட்டாக் கேக்கட்டும். ஒங்க ரோசத்த மடிச்சு அலமாரியில வெச்சுப் பூச்சி உருண்டை போட்டுக் காப்பாத்தறீங்க. எம்மவ வீட்டுக் கட்டில் வெறுங்கட்டிலாக் கெடக்கணுமா? சரி, ஒங்க துணி எங்க?"

அங்கமுத்து வெங்காயப் பையை நீட்டினார். பாப்பா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்கு ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. "சும்மா கொடுக்குறவன் பருத்தியாக் கொடுப்பான்? பூரா பிளாஸ்டிக்கா இருக்கும். கொண்டா, எரிச்சுக் காட்டுறேன்."

ஒரு நூலை உருவினார். லைட்டரைத் தட்டினார். நூல் மளமளவென்று எரிந்தது, காகிதம் எரிந்த வாசம் வந்தது, விரலில் தொட்டதும் பூவாய் உதிர்ந்தது சாம்பல். இன்னொரு வேட்டியிலிருந்தும் உருவிப் பார்த்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதை உருவப் போனபோது பாப்பா பிடுங்கிக்கொண்டாள்.

"நூல் பூரா உருவிட்டா வேட்டி எங்க இருக்கும்?"

அங்கமுத்து லைட்டரைச் சட்டைப் பையில் போட்டார். தோற்ற கோபத்தில் வேறு வழியில்லாமல் வேலையைத் தொட்டார். "அப்படியே தைச்சிடாத. கஞ்சி மொடமொடன்னு இருக்கு. பொறவு தொவைச்சதும் சுருங்கி, மேல்துணி சாவுக்கோழி மாதிரி சுருட்டிக்கும். மொதல்ல வெந்நீர்ல போடு."

அவரே அண்டாவில் தண்ணீர் காய்ச்சினார். நூல் உருவிய இரண்டு வேட்டிகளையும் முக்கிக் கஞ்சி போக அலசினார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். பாப்பா இழுத்த இழுப்பில் அவர் ஓரடி முன்னால் போனார். "கெழவிக்குக் கையில பலம் இருக்கு," என்று வைதார். வைததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காய்ந்ததும் இரண்டு வேட்டிகளையும் நீளவாட்டில் பக்கம் பக்கமாய் வைத்து, கரையோடு கரை சேர்த்து பாப்பா தைத்தாள். ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை. நட்டநடுவே பச்சைக் கோடு ஒன்று ஓடுகிற மாதிரி இருந்தது. கூடத்துத் தரையில் அடித்துணியை விரித்து, பஞ்சைப் பரப்பி, மேல்துணியைப் போட்டார்கள். நாலு மூலைக்கும் அங்கமுத்துதான் ஓடினார். "இந்தப் பக்கம் இழுங்க. அவ்வளவு இல்ல. மாட்டத் தொரத்துற மாதிரி இழுக்குறீங்களே!" முழங்கால் வலித்தது. ஆனாலும் காப்பிக்கடைக்கு வரச்சொல்லிக் கூட்டாளி போட்ட சத்தத்தைக்கூடக் காதில் வாங்காமல் அன்றைக்கு அவர் வீட்டிலேயே கிடந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் போர்வை முடிந்தது. பாப்பா ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு என்னத்துக்கு?"

"வேட்டி ஒங்களுது. புது வீட்டுக்குப் போற துணி. மஞ்சள் வெக்காமக் கொண்டு போகமுடியாது. நான் வெச்சா நான் வாங்குனதா ஆயிடும். எனக்கு யாரு வேட்டி கொடுத்தா?"

அவருடைய சட்டத்தை அவருக்கே திருப்பிப் போட்டாள். அங்கமுத்து கிண்ணத்தை முறைத்தார். வெளியே போய்ப் பைப்பை மூடிவிட்டு வந்தார். பைப் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்து, விரலைத் தொட்டு, போர்வையின் ஒரு மூலையில் வைத்தார். மஞ்சள் கோணலாய் இழுபட்டது.

"ஆச்சு. இனி அவன் கேப்பான், பாரு."

ஞாயிற்றுக்கிழமை செமோர் வீட்டில் பால் பொங்கி வழிந்தது. வீடு நின்ற இடம் ஒரு காலத்தில் அங்கமுத்து பால் மரம் வெட்டிய தோட்டம்தான். "மரம் இருந்தப்ப கொசு கடிச்சது, இப்ப வெயில் கடிக்குது," என்றார் கேட்டவர்களிடம். அதற்கு மேல் அவருக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படுக்கையறையில் போர்வை விரிந்திருந்தது. துளசி வந்தவர்களையெல்லாம் முதலில் அங்கேதான் இழுத்துப் போனாள். சரோஜாதேவி மேலே தடவிப் பார்த்துவிட்டு, விவரம் தெரிந்த ஆள் போலப் போர்வையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"மெத்தெண்டு இருக்கு. நல்ல பருத்தி. எங்க வாங்கினனீங்கள்? உந்தத் துணிக்கே எவ்வளவு காசு போயிருக்கும்!"

"சும்மா கெடச்சது," என்றார் அங்கமுத்து. பாப்பா அவர் காலை மிதித்தாள். அவர் காலை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "தனேஸ்வரா! இங்க வா!"

துளசியின் சாமான்களை லோரியில் கொண்டுவந்து இறக்கியவன் அவன்தான். சாப்பாட்டுக்கு நின்றிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்ன மாமா?"

"இது என்ன?"

"போர்வை. சூப்பரா இருக்குலா. அத்தை தைச்சதா?"

"அடியில என்ன துணி? கரையப் பாரு."

தனேஸ்வரன் குனிந்து பார்த்தான். "வேட்டிக் கரை மாதிரி இருக்கு."

"நீ கொடுத்த வேட்டி. ரெண்டு. நான் கட்டல. ஆனா மஞ்சள் வெச்சது நான்தான், மறைக்கல. சம்பந்தியம்மா சாட்சி. இப்பச் சொல்லு, ஒனக்கு என்ன வேணும்? வோட்டா? புல்லு வெட்டணுமா? எதுவா இருந்தாலும் இன்னைக்கே பேசி முடிச்சுக்குவோம்."

தனேஸ்வரன் எல்லார் முகத்தையும் பார்த்தான். அவர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் தலையைச் சொறிந்தான்.

"மாமா, வேட்டி மூட்டை மூட்டையா வருது. கொடுத்து முடிஞ்சாச் சரின்னு கொடுக்குறோம். யாருக்குக் கொடுத்தோம்னு யாருலா ஞாபகம் வெச்சிருக்கா? ஒங்களுக்குக் கொடுத்தேனா?"

"முனையப் பிடிச்சுப் போட்டோ எடுத்தியே!"

"அந்தப் போனு லோங்காங்குச் சாக்கடையில விழுந்து எத்தன நாளாச்சு! ஒண்ணும் வேணாம் மாமா, போய்ச் சாப்புடுங்க." அவன் ஏதோ நினைவு வந்து திரும்பினான். "ஆனா இந்த ஐடியா நல்லாருக்கு. அத்தை, போன வருசத்துது ஒரு கட்டு சங்கத்துல மிச்சம் கெடக்கு. எவனும் கட்ட மாட்டேங்கிறான், எல்லாம் ஜீன்ஸு. ஒங்களுக்கு வேணுமா?"

"எத்தன இருக்கு தம்பி?" பாப்பாவின் குரல் பாத்திரம் விழுந்த மாதிரி கணீரென்று வந்தது.

"எனக்கும் ஒண்டு தைச்சுத் தருவீங்களே?" என்று அவள் கையைப் பிடித்தார் சரோஜாதேவி. குளிர்பெட்டியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாப்பா கட்டிலின் ஓரத்தில், அந்தக் கோணல் மஞ்சளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரையோடு கரை சேர்க்கும் விதத்தைச் சம்பந்திக்குச் சொல்ல ஆரம்பித்தாள். இனி சாயங்காலம்வரை அவள் எழுந்திருக்கப் போவதில்லை.

அங்கமுத்து அவளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுக்களையில் புகுந்து பாயசம் இன்னொரு கப் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தனேஸ்வரன் லோரிக்குப் பக்கத்தில் நின்று, ஏறிக்கொள்ளச் சொல்லிக் கையை ஆட்டினான். வாயெல்லாம் சிரிப்பு.

ஒண்ணும் வேணாமாம். மறந்துபோச்சாம். போனு லோங்காங்குல விழுந்துச்சாம். இத்தனையும் ஒரே மூச்சில் சொல்கிறவனை எப்படி நம்புவது? அதுவும் இன்னும் ஒரு கட்டுக் கொடுக்கிறேன் என்கிறான்!

"கேப்பான்," என்று பாயசத்தைப் பார்த்துச் சொன்னார் அங்கமுத்து. "இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு." கப்பைக் காலி செய்து வேலித் தூணின் மேல் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெயிலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.