இன்ஷிரா தன் காக்காவுக்குக் கொரியன் படிப்பித்தது

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இருந்த இரண்டு பேருடையது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் என்னிடம் கணக்குக் கேட்டு வரக்கூடாது. ஒரு காக்கா, அதாவது அண்ணன், அவனுடைய தங்கச்சி. கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்கு ஒரு மொழிச் சோதனை வைக்கிறார்களே, அதற்குத் தங்கச்சி காக்காவைப் படிப்பித்துக்கொண்டு வந்தாள்.

"இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரு டேக்தான் காக்கா, எடுக்குற எண்டு. மருந்துக்கும் டேக், பஸ்ஸுக்கும் டேக், போட்டோவுக்கும் டேக். கொரியன்ல அப்பிடி இல்ல. மருந்தத் திங்கணும், மொக்தா. பஸ்ஸில ஏறணும், தாதா. போட்டோவ முத்திரை குத்துற மாதிரிக் குத்தணும், ச்சிக்தா."

"அப்ப சோதனைக்கு?"

"சோதனையப் பாக்கணும். பொதா."

"போன முறையும் பாத்துட்டுத்தானே புள்ள வந்தன். பாத்தது மட்டும்தான்."

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். சாய்ந்தமருதில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. நிந்தவூரில் அவர்கள் எழும்பியபோது அவள் குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்:

"எனக்குக் கட்டுற வீட்டுக்கு நீங்க என்னத்துக்குக் கொரியாவுக்குப் போற?"

அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கம் ஒன்று: "கொரிய மொழியின் இனிமையில் இன்ஷிரா மயங்கி—"

மயங்கவில்லை. அவளுக்கு அந்த மொழி தெரியும், அவ்வளவுதான். வெட்டிவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "உப்புக் காற்று வீசும் நிந்தவூரின் மாலைப் பொழுதொன்றில்—"

இதை என் மனைவி ஸுஹைறா பின்னால் நின்று படித்தாள். "இந்தக் காத்து இல்லாம உங்களுக்கு ஒரு கதையும் தொடங்கத் தெரியாதா?" என்றாள். காற்றையும் நிறுத்திவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "இன்ஷிராவின் வளவில் தூண்கள் மட்டும் நிற்கின்றன."

இது நிற்கட்டும். வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்குக் குடிவருவான். அந்த வீட்டைப் பெண் வீட்டார் கட்டி வைத்திருக்க வேண்டும். வாப்பா மௌத்தாகி, அதாவது தகப்பன் இறந்து போயிருந்தால், அது காக்காவின் தலையில் விழும். தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு ஏறும்வரை காக்காவுக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது.*

(* வீடு பெண்ணின் பேரில்தான் எழுதப்படும், ஆகவே இது பெண்ணுக்குப் பெரிய பலம் என்று வாதாடுபவர்கள் உண்டு. நானும் வாதாடியிருக்கிறேன். ஸுஹைறாவின் வீட்டு விறாந்தையில் கால் நீட்டி இருந்துகொண்டுதான்.)

3

காக்காவுக்கு றிஸ்மி என்று பேர் வைத்தேன். முதல் பிரதியில் அவனைப் பொல்லாதவனாக எழுதினேன், தங்கச்சியை அடக்குகிறவனாக. கோபத்தோடு எழுதும்போது ஒரு பொல்லாதவன் கையில் இருந்தால் வசதி. ஆனால் பஸ்ஸில் நான் கண்டவன் அப்படியில்லை. தன் தோல்வியைத் தானே சிரிப்பாக்கியவனை நான் எப்படிப் பொல்லாதவனாக்குவது?

ஆகவே இரண்டாம் பிரதியில் றிஸ்மி நிந்தவூரில் ஒரு கராஜில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். அந்த வேலை அவனுக்கு உயிர். கொரியாவுக்குப் போக அவனுக்குத் துளியும் விருப்பமில்லை. போக விருப்பமுள்ளவள் இன்ஷிரா. கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து மொழியைப் பிடித்தவள், பிறகு காக்காவுக்கென்று வாங்கிய புத்தகத்தை அவனுக்கு முன்னமே படித்து முடித்தவள்.

பாருங்கள் அநியாயத்தை. விருப்பமில்லாதவனைத் தள்ளிவிடுகிறோம், விருப்பமுள்ளவளைப் பிடித்து வைக்கிறோம். இரண்டும், இரண்டு பேருமே கேட்காத ஒரு வீட்டுக்காக. அந்த வீட்டைக் கேட்பவன் வரப்போகும் மாப்பிள்ளை. அவன் யாரென்று யாருக்கும் தெரியாது. இந்தக் கதையில் அவனுக்கு நான் பேர்கூட வைக்கவில்லை. ஆனாலும் கொங்கிரீட் போடுவது அவனுக்குத்தான்.

4

பாடம் நடப்பது தூண்கள் நிற்கும் அந்த வளவில், அடுக்கிவைத்த சீமெந்துக் கற்களின் மேல்.

புத்தகம் இங்கிலீஷில் விளக்கம் சொல்கிறது. இதுவும் எனக்கு எரிச்சல். நிந்தவூர்ப் பிள்ளை கொரியாவுக்குப் போவதற்கு இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமா? கொரியன் பஸ்ஸில் ஏறுகிறான், நாமும் ஏறுகிறோம். நடுவில் இந்த டேக் எதற்கு? றிஸ்மி போன முறை தவறியதே இதனால்தான். டேக் என்று மனதில் பட்ட இடமெல்லாம் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

இன்ஷிரா புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பித்தாள்.

"டேக்க மறந்துடுங்க காக்கா. உங்கட கையும் காலும் என்ன செய்யுது எண்டு மட்டும் பாருங்க. கராஜில எல்லா நட்டுக்கும் ஒரு சாவியா போடுற?"

"ஒரு சாவியப் போட்டா நட்டு தேஞ்சி போகும்."

"அதேதான். நேரம் எடுக்குற எண்டா? கையில ஒண்டும் இல்ல. நேரம் எங்கயோ போய் மாட்டிக்கிது. கொல்லிதா. கால் சப்பாத்தக் கழட்டுற?"

"பொத்தா."

"ஒரு சாமானக் கொண்டு போற?"

"காஜிகோ காதா."

"ஒராளக் கூட்டிட்டுப் போற?"

"அது வேறயா?"

"வேறதான். தமிழ்லயும் வேறதானே. தேரிகோ காதா. இங்கிலீஷ்காரனுக்குத்தான் ஆளும் சாமானும் ஒண்டு."

றிஸ்மி துருப்பிடித்த தூண் கம்பிகளைப் பார்த்தான். "உனக்கு எல்லாம் பாடமா இரிக்கி புள்ள. நீ சோதனை எடுத்தா ஒரே முறையில பாஸ்."

"நானும் விண்ணப்பிச்சிட்டன் காக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்," என்றாள் இன்ஷிரா.

5

அவர்களுடைய உம்மா சித்தி லைலா (சித்தி என்பதும் பேர்தான், உறவல்ல) இதை எப்படி அறிந்தாள்? (ஒளிந்திருந்து கேட்டாள் என்று எழுதினேன். மலிவான வேலை. எடுத்துவிட்டேன்.) இன்ஷிராவே சொன்னாள், மத்தியானச் சோற்றின் முன்னால்.

"பொம்புளப் புள்ள கொரியாவுக்கா? ஊர் என்ன கதைக்கும்? பொறகு எந்த மாப்பிள்ள வருவான்?"

"வராட்டி வீடு என்னத்துக்கு உம்மா?"

இந்த இடத்தில் எழும்பி நின்று கைதட்டினேன். தனியாகத்தான். அடுத்தவன் வீட்டில் கோப்பை கழுவப் பெண்கள் சவூதிக்குப் போனபோது இந்த ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. கொரியாவில் தொழிற்சாலை வேலை, அதுவும் சோதனையில் பாஸாகி என்றதும் ஊருக்கு மானம் ஞாபகம் வந்துவிடுகிறது. வெட்கம் கெட்ட—

இல்லை, நிறுத்துகிறேன். சித்தி லைலாவும் பதில் சொல்ல வேண்டுமே.

"உன்ன ஒரு கூரைக்குக் கீழ விடாம நான் மௌத்தாகினா நாளைக்கு அல்லாட முன்னுக்கு என்ன சொல்ற? உங்கட வாப்பா எனக்கிட்ட அத மட்டும்தான் சொல்லிட்டுப் போனாரு."

இன்ஷிரா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். கடைசியில் சித்தி லைலா ஒரு தீர்ப்புச் சொன்னாள்: இன்ஷிரா கொழும்புக்குப் போகலாம், சோதனைக்கு அல்ல, காக்காவுக்குத் துணையாக. வழிநெடுகப் படிப்பித்துக்கொண்டு போகலாம்.

படிப்பிக்கலாமாம்! எழுதத்தான் கூடாதாம். ஊரில் எத்தனையோ மடத்தனம் கண்டிருக்கிறேன், இதற்கு ஈடில்லை.

6

இனி முடிவு.

முடிவு அ: இன்ஷிரா உம்மாவை மீறி உள்ளே போகிறாள், இருவரும் பாஸாகிறார்கள், உம்மா கட்டிப்பிடித்து அழுகிறாள். ஸுஹைறா படித்துவிட்டு, "பொய்," என்றாள்.

முடிவு ஆ: அவள் வெளியில் நிற்கிறாள், றிஸ்மி பாஸாகிறான், வீட்டுக்கு ஓடு ஏறுகிறது, பேரில்லாத மாப்பிள்ளை குடிவருகிறான். இதை எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை. இதுதான் நடக்கும் என்று எனக்கே தெரிவதால் வந்த ஆத்திரம்.

முடிவு இ: வாசலில் றிஸ்மி சொல்கிறான், "நீ போ புள்ள. நான் வெளியில நிக்கிறன், உம்மாவோட நான் கதைக்கிறன்." இதை எழுதிவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்று ஸுஹைறாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"காக்கா விட்டுக் குடுத்துத்தான் அவள் போகணுமா?" என்றாள்.

"அவன் நல்லவன் ஸுஹைறா."

"எங்கட இப்றாஹிம் காக்காவும் நல்லவர்தான். இந்த வீட்டக் கட்டக் கத்தாருக்குப் போனவர் தலை நரைச்சித்தான் வந்தாரு. இப்ப வரைக்கும் ஒரு கல்யாணம் இல்ல. எனக்கு என்ன வேணும் எண்டு ஒராள் கேட்டாங்களா? வாப்பா கேக்கல்ல, காக்கா கேக்கல்ல, குடிவந்த நீங்களும் கேக்கல்ல."

"என்ன வேணும் எண்டு இருந்த?"

அவள் தாளை என் மடியில் வைத்தாள். "எனக்கிட்டக் கேக்க இவ்வளவு காலம். அந்தப் புள்ளயிட்டயாவது நேரத்தோட கேளுங்க."

7

ஆகவே அ, ஆ, இ மூன்றையும் கிழித்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது இவ்வளவுதான்:

கொழும்பில் சோதனை மண்டபத்தின் வாசல். காலை வெயில். காவலாளி கூப்பிடுகிறான்: சோதனைக்கு வந்தவர்கள் உள்ளே, துணைக்கு வந்தவர்கள் வெளியே. றிஸ்மி வாய் திறக்கப் போகிறான், "நீ—" என்று. நான் அந்த வாக்கியத்தை அங்கேயே வெட்டிவிட்டேன். அவன் நல்லவனாக இருக்கட்டும், ஆனால் இந்த ஒரு முறை பேசாமல் இருக்கட்டும். சித்தி லைலாவின் அழைப்பு போனில் அடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க நான் எவரையும் விடமாட்டேன். ஊரைப் பஸ் நிலையத்திலேயே இறக்கிவிட்டேன். மாப்பிள்ளைக்கு இங்கே வேலையே இல்லை.

இன்ஷிராவின் அனுமதி அட்டை அவளுடைய கைப்பையில் இருக்கிறது. வாசலை இன்னும் பூட்டவில்லை.

அவள் எந்தப் பக்கம் நடந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அவளிடம் கேட்காமலே அவளுக்கு வீடு கட்டியவர்களில் நானும் ஒருவன். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். றிஸ்மியிடம் அல்ல, உம்மாவிடம் அல்ல, என்னிடமும் அல்ல. அவளிடம்.

ஸுஹைறா சமைக்கும் குசினிக்கு நான் போகிறேன். என்ன வேண்டும் என்று இருந்தாள் என்ற என் கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.