வழிமொழிய ஓர் ஆள்

எங்கள் தெருவில் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு வேன் நிறையாது. ஒன்றுக்குத் தலைவர் சைக்கிள் கடைக்காரர். இன்னொன்றுக்குத் தலைவி எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா. ஒருவர் மைக் பிடித்தால் இன்னொருவர் ஷட்டரை இழுத்து மூடுவார். ஆனால் இருவரும் வருஷக்கணக்காகக் கேட்டது ஒரே பாலம்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தண்டவாளத்தில் இறங்காமல் கடக்க ஒரு நடைபாலம்.

இந்தத் தேர்தலில்தான் புத்தி வந்து கூட்டணி வைத்தார்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத் தொகுதி அவருக்கு, அந்தப் பக்கத் தொகுதி அக்காவுக்கு. இங்கே அக்காவின் ஆட்கள் அவருக்குப் போட வேண்டும், அங்கே அவருடைய ஆட்கள் அக்காவுக்கு.

அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். "எனக்குப் போடறதா நினைச்சு அண்ணனுக்குப் போடுங்கப்பா. வலிக்காது."

ஓட்டுப்பதிவன்று காலையில் நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். காற்றடிக்கத்தான் போனேன், காது கூடவே வந்துவிட்டது. கடைக்காரர் போனில் அந்தப் பக்கத்து ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"யாருக்குப் போடறதா? அவங்கவங்க மனசாட்சிப்படி போடுங்கப்பா."

என்னைப் பார்த்ததும் பம்பைத் தேடினார்.

"அதென்னண்ணே, திடீர்னு மனசாட்சி?"

"அவளும் ஜெயிச்சா பாலத்துல யார் பேரு முதல்ல வரும்? சும்மா இரு நீ."

நான் சும்மா இருக்கிற ஆளா? நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாரு" என்றவள், இந்தப் பக்கத்தில் இன்னும் அண்ணனுக்கு ஓட்டுப் போடாத தன் ஆட்களை எழுப்பப் போய்விட்டாள்.

அவர் மயிரிழையில் ஜெயித்தார். அக்கா மயிரிழையில் தோற்றாள்.

அவையில் அவருடைய முதல் தீர்மானமே பாலம்தான். தெருவே மருந்துக்கடை டிவி முன்னால் கூடியது. புதுச் சட்டை, திக்காத பேச்சு, குறையே சொல்ல முடியாது. பேசி முடித்ததும் அவைத்தலைவர் கேட்டார்: "வழிமொழிபவர் யார்?"

இன்னொரு உறுப்பினர் எழுந்து 'வழிமொழிகிறேன்' என்று சொன்னால்தான் தீர்மானத்தை எடுப்பார்களாம். பெரிய கட்சிக்காரர்கள் காகிதம் புரட்டினார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். கூட வந்த ஆளைச் சந்தையில் தொலைத்தவர்போலக் கடைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அடுத்தது."

"ஒரே ஒரு ஆள் எழுந்திருந்தா போதுமேடா!" என்றார் குழாய் ரிப்பேர்க்காரர். அக்கா கையில் பாதி வெட்டிய மாத்திரை அட்டை. டிவியை அணைத்துவிட்டு மீதியை வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கடைக்காரர் மருந்துக்கடைக்கு வந்தார்.

"தலைவலிக்கு ஏதாவது குடும்மா."

"சாப்பிட்டுட்டுப் போடுங்கண்ணே."

மாத்திரையை வாங்கியும் நகரவில்லை. "அன்னிக்கு நீ அங்கே இருந்திருந்தா..."

"எழுந்திருச்சிருப்பேன்ணே."

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கும் பிள்ளைகளின் கூச்சல் கடைவரைக்கும் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வேறென்ன வேலை?