மூன்று கிடார்களும் ஓர் இரைச்சலும்

என் நண்பர்கள் இரண்டு பேருக்கும் கிடார் வாசிக்கத் தெரியும். வாசிக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

ஒருவன் பல் டாக்டர். அவனுக்கு நான் வைத்த பெயர் டோன். கிடார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறான். எதிரொலிக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று, அந்தக் கரகரப்பைக் கொஞ்சம் குறைக்க இன்னொன்று. எல்லாவற்றையும் மிதித்து முடித்த பிறகு வருகிற சத்தம், எதையும் மிதிக்காமல் வருகிற சத்தம் மாதிரியே இருக்கும். அதைச் சொன்னால், "அதான் அண்ணே, இயற்கையான டோன்" என்று பூரித்துப் போவான்.

இன்னொருவன் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் பெயர் அந்தக்காலம். எங்களுக்கு மீசை முளைப்பதற்கு முன்பே உலகம் கிடார் சத்தத்தைப் பெருக்குகிற நல்ல ஆம்ப் செய்வதை நிறுத்திவிட்டது என்பது அவன் கட்சி. பல்பு மாதிரி எரிகிற வால்வு வைத்த பழைய ஆம்ப் ஒன்றைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறான். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சூடானதும் தூசி கருகுகிற வாடை வரும். அதை மோந்து பார்த்துக் கண் கலங்குவான். அந்தக் காலத்தை நானும் பார்த்தவன்தான். மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். கம்பி அறுந்தால் புதுக் கம்பி கிடைக்கிற வரைக்கும் ஐந்து கம்பியோடு காலம் தள்ளுவோம். இதற்காக ஏங்குகிறவனுக்கு எங்கேயோ ஒரு மறை கழன்றிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இரண்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்தது என் மனைவி.

அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு இரண்டு காதிலும் ஆபரேஷன். சில வருடங்களாகக் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. காலையில் கொஞ்சம் தெளிவு இருக்கும், பொழுது சாயச் சாய அதுவும் மங்கிவிடும். உள்ளே கருவி பொருத்தினால் பேச்சு கேட்கும் என்று காது டாக்டர் சொன்னார். பாட்டு கேட்குமா என்று நான் கேட்டேன். "பேச்சுக்குத்தான் இது. பாட்டு பழைய மாதிரி இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க" என்றார்.

மறுநாள் காலையில் அவள் சொன்னாள்: "நம்ம கல்யாணத்துல மூணு பேரும் வாசிச்சீங்களே, நீங்க போட்ட மெட்டு. அதை ஒரு தடவை கேட்டுட்டு ஆபரேஷனுக்குப் போறேன்."

"அதுக்கென்ன, இப்பவே வாசிக்கிறேன்."

"நீங்க ஒருத்தர் வாசிச்சா கொசு பறக்குற மாதிரிதான் இருக்கு. அவங்களையும் கூப்பிடுங்க. மூணு பேரும் சேர்ந்தா எருமைக்கே கேக்கும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து, "அந்தத் தகரத்தைத் தட்டுறதை நிறுத்துறீங்களா இல்லையா" என்று சமையலறையிலிருந்து கத்தியவள் அவள். அவளே வாய்விட்டுக் கேட்டதும் எழுந்து போய்ப் போனை எடுத்தேன்.

அவளுக்குக் காது கேட்கிற நேரமாகப் பார்த்து, ஞாயிறு காலையிலேயே வரச் சொன்னேன். வந்தார்கள். டோன் பெட்டியைத் திறந்து பெடல்களைக் கூடம் முழுக்கப் பரப்பினான். அந்தக்காலம் தன் ஆம்பைச் சூடாக்கினான். நான் என் சின்ன ஆம்பை எடுத்து வைத்தேன். என் மனைவி தலை சீவி, நல்ல புடவை கட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். டோன் ஒரு கம்பியை மீட்டிவிட்டு, "எப்படி இருக்கு அண்ணி?" என்றான்.

"நல்லாருக்கு. ஆனா ஒரு இரைச்சல் கேக்குது டாக்டர். ஞொய்னு."

கிடார்காரன் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை அது. டோன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தான். "ஆமா, கேக்குது. எர்த் பிரச்சினை."

"எர்த்தாவது கிர்த்தாவது! உன் டப்பாங்கதான் இரையுது" என்றான் அந்தக்காலம். "எனக்கு வந்தப்பவே கேட்டுச்சு. மரியாதைக்காகச் சொல்லல."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இவர்களுக்குச் சாமான் வாங்குகிற கைதான் உண்டு, கேட்கிற காது கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். எனக்குக் கேட்கவில்லை என்றால் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லியே கொல்வார்கள். "லேசா கேக்குது" என்றேன்.

வேட்டை ஆரம்பித்தது. டோன் பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒவ்வொன்றுக்கும், "இப்போ, அண்ணி?" என்று கேட்டான். "இருக்கு" என்றாள். அந்தக்காலம் வால்வைத் துணியால் பிடித்துக் கழற்றி, துடைத்து, மாட்டினான். இருக்கு என்றாள். ஃப்ரிட்ஜை அணைத்தோம், ஃபேனை அணைத்தோம். வேர்த்துக் கொட்டியது. பிளக்கைத் திருப்பிச் செருகினோம். இருக்கு என்றாள். இடையில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்காமல், சாமானில் ஒன்றும் இல்லை, எல்லாம் விரலில்தான் இருக்கிறது என்று பிரசங்கம் செய்தேன். அதற்கு டோன் பதில் சொன்னான். அவனுக்கு அந்தக்காலம் பதில் சொன்னான். நடுவில் சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டும் அதையே பேசினோம். கேள்வியை அவளிடம் கத்திக் கேட்க வேண்டியிருந்ததையோ, போகப் போகக் கையாலேயே கேட்க ஆரம்பித்ததையோ மூன்று பேரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

கடைசியில் அந்தக்காலம், "மொத்த வீட்டு ஒயரிங்குமே கோளாறுடா. மெயினை அணை" என்றான். அணைத்தேன். வீட்டில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. தெருவிலும் இல்லை. அவளைப் பார்த்து, என்ன என்று கையை விரித்தேன்.

"இன்னும் இருக்கே" என்றாள்.

டோன் கையிலிருந்த ஒயரை மெதுவாகத் தரையில் வைத்தான்.

நான் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "இது எப்பலேருந்து கேக்குது?" என்று கத்தினேன்.

"ஒன்னரை வருஷமா. காது டாக்டர்கிட்ட சொன்னேன். அது வெளியில இல்லம்மா, உங்க காதுக்குள்ளதான் இருக்குன்னாரு. ஆனா இன்னைக்கு நீங்க மூணு பேரும் கேக்குதுன்னீங்கல்ல? அப்பாடா, எனக்கு மட்டும் இல்லைன்னு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? எப்படியும் தேடிப் பிடிச்சு நிறுத்திடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்." எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "உங்களுக்கு நெஜமாவே கேட்டுச்சா?"

பல் டாக்டர் பெடலைப் பார்த்தான். அந்தக்காலம் சுவரைப் பார்த்தான். மூன்று கிழட்டுக் கழுதைகளில் எது பெரியது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவர்கள் சாமானைக் காதலிக்கிறவர்கள், ஆசையில் கேட்டதாக நினைத்திருக்கலாம். நான் வறட்டுக் கௌரவத்துக்காகச் சொன்னவன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்ததைப் பார்த்ததும் வெட்கம் போய்ப் பயம் வந்தது.

"வாசிங்கடா" என்றேன்.

மெயினைப் போட்டேன். டோன் ஒரு பெடலையும் தொடவில்லை. அந்தக்காலம் தன் ஆம்ப் சூடாகக் காத்திராமல் என் ஆம்பின் இன்னொரு துளையில் செருகிக்கொண்டான். ஆம்பை அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இழுத்து வைத்து, சத்தத்தை முழுசாக ஏற்றினேன். கேட்கப் போகிறோம் என்று புரிந்துகொண்டு அவள் கண்ணை மூடினாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

நன்றாக வந்தது. கல்யாணத்தில்கூட அவ்வளவு நன்றாக வாசிக்கவில்லை. மூன்று பேர் கையும் ஒரே கையாகப் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு சுற்று முடிந்து, மெட்டின் தலைக்கே திரும்பி வந்தோம். டோன் அழுதுகொண்டே வாசித்தான்.

கண்ணைத் திறக்காமலே அவள் கேட்டாள்: "என்னங்க, இன்னும் சரி பண்ணிட்டே இருக்கீங்களா?"

மூன்று பேர் கையும் நின்றது. பதில் வரவில்லை என்று அவள் கண்ணைத் திறப்பதற்குள் என் கிடாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அவளுக்குப் புரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து, "ஒயர் லூசா இருக்கு" என்றேன்.

"சரி, சீக்கிரம் பாருங்க" என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.