கண்ணுக்குக் கீழே கருப்பு

ஸ்டூடியோக்காரரின் மனைவிக்கு ஆறு ஊசி என்றார் புற்றுநோய் டாக்டர். முதல் ஊசியில் வளையல் போனது. இரண்டாவதில் ஸ்கூட்டர். மூன்றாவதில் ஸ்டூடியோவின் நல்ல கேமரா. நாலாவது ஊசி வரும் வெள்ளிக்கிழமை. வீட்டில் விற்க மிச்சமிருந்தவை சுவர்க்கடிகாரமும் ஸ்டூடியோக்காரரும்தான். கடிகாரத்தையாவது யாரேனும் விலை கேட்பார்கள்.

ஓர் அறக்கட்டளை பாதிச் செலவு தரும் என்று தெரியவந்தது. டாக்டர் சீட்டு, ஸ்கேன், நோயாளியின் தற்போதைய படம் ஒன்று வேண்டும்.

படம்தானே? மனைவியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, மிச்சமிருந்த பழைய கேமராவில் எடுத்தார். கணினியில் ஏற்றினார். இருபத்திரண்டு வருடமாக அவர் கை சும்மா இருந்ததில்லை. பரு இருந்தால் எடுக்கும்; மூக்கு கோணினால் நிமிர்த்தும். அவர் யோசிப்பதற்குள் அது கண்ணுக்குக் கீழிருந்த கருப்பைத் துடைத்து, கன்னத்தில் சதை வைத்து, புருவத்தை அடர்த்தியாக்கி முடித்திருந்தது. அவரும் அப்படியே அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரு வரி: நோயாளியின் படத்தை இணைக்கவும்.

மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"யாருங்க இவ? இவளுக்கு யார் ஊசி போடுவாங்க? பொண்ணு கேட்டுத்தான் வருவாங்க."

"பழக்கதோஷம்மா."

"உங்க பழக்கத்துக்கு என் உயிர்தான் கிடைச்சுதா?"

அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஓடினார். செயலாளர் நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நாங்க நம்புறோம். பணம் கொடுக்கறவங்க நம்பணும்ல? பெரிய மனுஷங்க, நேரமில்லாதவங்க. ஒரு படத்தை நாலு செகண்டு பார்ப்பாங்க. அதுக்குள்ள மனசு இளகணும்."

"ஸ்கேன் வெச்சிருக்கேனே சார்."

"ஸ்கேனைப் பார்த்து யாரு சார் அழறாங்க?"

நியாயமான கேள்வி. எழுந்து வந்தார்.

மறுநாள் காலை மறுபடி எடுத்தார். இந்த முறை எதையும் தொடவில்லை. கணினித் திரையில் இருந்தவள் சரியாகத் தூங்காத பெண்போல இருந்தாள், அவ்வளவுதான். வியாதிக்குத் தன்னை வெளியே காட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் இல்லை.

"போதாது," என்றாள் பின்னால் நின்ற மனைவி.

"இதுதான் நீ."

"நான் போதாதுங்கறேன். கருப்பைக் கூட்டுங்க."

"நான் யாரையும் அசிங்கமா காட்டினதில்ல."

"என்கிட்டேர்ந்து ஆரம்பிங்க."

கேட்காமலே வேலை செய்த கை இப்போது அசைய மறுத்தது. அவள் அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அந்த எலும்புக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கருப்பு இறங்கியது. கன்னம் குழிந்தது. உதடு வெடித்தது.

"கழுத்து நரம்பைக் கொஞ்சம் எடுப்பா காட்டினா நல்லாயிருக்கும்," என்றார் அவர். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

"காட்டுங்க. நல்லா எடுப்பா காட்டுங்க."

முடித்து, அனுப்பி, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் கழித்துக் கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது: "தண்ணி வீணாகுதுங்க."

வியாழக்கிழமை செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாஸாயிடுச்சு சார்! கமிட்டியில ஒரு அம்மா கண்ணு கலங்கிட்டாங்க. யாரு எடுத்தது?"

"நான்தான் சார்."

"நீங்களா! மத்த பேஷன்டுங்க எல்லாம் கல்யாணத்துக்குப் போற மாதிரி படம் அனுப்பறாங்க சார். அவங்களுக்கும் நீங்களே எடுத்துக் கொடுத்துடுங்களேன்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி போனை வாங்கினாள்.

"தலைக்கு எவ்வளவு சார் தருவீங்க?... அது கட்டுப்படியாகாதுங்க, அவர் பெரிய கலைஞர்... சரி. முன்பணத்தைக் கையில தர வேணாம், ஆஸ்பத்திரியில நாங்க கட்டவேண்டிய பாதிக்குக் கட்டிடுங்க. நாளைக்குக் காலையில, மறந்துடாதீங்க."

வெள்ளிக்கிழமை நாலாவது ஊசி ஏறியது.

திங்கட்கிழமை அறக்கட்டளை அனுப்பிய முதல் ஆள் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லீரலில் கட்டி. தேய்த்த சட்டை, மை பூசிய மீசை, முகம் நிறையப் பவுடர். நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"முகம் நல்லா விழணும் தம்பி. பொண்ணு வெளியூர்ல இருக்கா, அவளுக்கும் ஒண்ணு அனுப்பணும்."

ஸ்டூடியோக்காரர் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அவரிடம் நீட்டினார்.

"பவுடரைத் துடைச்சுடுங்கய்யா."