எட்டாவது பெயர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், தன் மாடி அறையில், ஜெயமாலா அந்தக் கேசட்டை மூன்றாம் முறையாக ஓடவிட்டாள். கையில் கடிகாரம். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அகில இந்திய இசை நூலகர் சங்கத்துக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்திருந்தது. தொடங்கியவர்களில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். மாலை ஆறு மணிக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும்.

கேசட்டில் இருப்பது முதல் கூட்டம். ஒரு பெண்குரல் தேதியைச் சொல்லி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறது. ஆறு பேர் பதில் சொல்கிறார்கள். ஏழாவதாக, "ஜெயமாலா." இருபத்திரண்டு வயதுக் குரல் ஒன்று, "வந்திருக்கேன்." அதன் பிறகு மௌனம்.

காலையில் அந்த மௌனம் நான்கு விநாடி இருந்தது. மதியம் ஒன்பது. இப்போது பதினான்கு. நாடா பழசு, இழுபட்டிருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியென்றால் குரலும் இழுபட வேண்டுமே? குரல் அப்படியே இருந்தது. மௌனம்தான் வளர்ந்தது. அதற்குள் யாரோ பேச வாயெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அது யார் மூச்சு என்று அவளுக்குத் தெரியும், கண்ணுங்களா. தெரிந்ததால்தான் நாடாவை நிறுத்தினாள்.

மீனம்பாள். சென்னையில் இவள் வேலை பார்த்த நூலகத்தில் இசைத்தட்டு எடுத்துக் கொடுக்கும் பியூன். ஒருநாள் ஒரு தட்டு உடைந்தபோது, "வேற ஊர்ல எங்கனா இதே பாட்டு இருக்கும், கேட்டு எழுதலாமே" என்று முப்பது தபால் கார்டு எழுதிப் போட்டவள். அந்தக் கார்டுகளுக்கு வந்த பதில்களில்தான் சங்கமே பிறந்தது.

கூட்டத்துக்கு முந்தின வாரம், ஒரு நாடாவில் அறிவிப்பு சொன்னவரையே பாடகர் என்று பட்டியலில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அதனால் ஜெயமாலா ஒரு விதி போட்டாள்: மைக் பிடிப்பவர் தன் பெயரைச் சொல்லக் கூடாது. கூட்டத்தில் பெயர் கூப்பிட மீனம்பாள் கையில் மைக்கைக் கொடுத்தவளும் அவளே. பிறகு கேசட்டைக் கேட்டுக் கூட்டக் குறிப்பு எழுதினாள். நாடாவில் ஏழு பெயர். குறிப்பிலும் ஏழு.

கதவைத் தள்ளிக்கொண்டு வெண்மதி வந்தாள். மீனம்பாளின் மகள், இங்கே செஞ்சி தாலுகா ஆபீஸில் வேலை.

"இன்னா மேடம், மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? சாப்டீங்களா? பொழுது எறங்கிட்டா ஜைனருங்க ஒரு வாய் தொட மாட்டீங்களே."

"ஆவட்டும். உக்காரு."

"புக்குல எங்கம்மா பேரு வருதா? சாவறதுக்கு முந்தின நாளு, 'நானும் அதுல ஒருத்திடி'ன்னாங்க. பியூனுக்குச் சங்கமான்னு சிரிச்சிட்டேன் மேடம். அந்தச் சிரிப்பு உறுத்துது."

ஜெயமாலா டேப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். முதல் பெயரிலேயே வெண்மதியின் கை வாயைப் பொத்தியது. "அம்மா..."

ஏழு பெயர் முடிந்தது. மௌனம் வந்தது. இருபது விநாடி. முப்பது.

"ஏன் மேடம் பேச மாட்டேங்குறாங்க?"

"சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். வெண்மதி திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜெயமாலா சென்னையில் இருக்கும் செயலாளர் அஜித்நாதனுக்கு போன் போட்டாள்.

"எட்டுப் பேரா? ஆதாரம் வேணுமே மேடம். குறிப்புல ஏழுதானே?"

"குறிப்பு எழுதினவ நான். தப்பா எழுதினேன். அதையும் சேத்துப் போடு."

"உங்க பேரு கெட்டுடும்."

"கெடட்டும். அவ பேரு இல்லாமயே அம்பது வருஷம் ஓடிச்சே."

எழுதி அனுப்பி முடிக்கும்போது மலைக்குப் பின்னால் பொழுது போய்விட்டது. மூடி வைத்த சோறு மூடியபடியே இருந்தது.

"இன்னொரு தபா போடுங்க மேடம்."

"ஜெயமாலா," என்றது நாடா. "வந்திருக்கேன்."

மௌனம். ஜெயமாலா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கம் குனிந்து, "மீனம்பாள்," என்று கூப்பிட்டாள்.

வெண்மதி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "வந்திருக்காங்க."

நாடாவுக்குள் அந்த மூச்சு மெல்ல வெளியேறியது. ஒரு நாற்காலி இழுபட்டது. கூட்டம் தொடங்கியது.