தளவாய் வீட்டு பி.ஏ.

ஆவுடை பி.ஏ. படித்தவள் என்ற விஷயம், அவள் புருஷன் தளவாய்க்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் ஆவுடைக்கே தெரிய வந்தது.

தளவாய் ஆற்றுப் பாசன ஆபீசில் குமாஸ்தா. மதகுக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்துவிட்டார். நல்ல மனுஷன், சாகிற வயசும் இல்லை. ஆபீஸ்காரர்கள் துடித்துப்போனார்கள். துடித்தவர்கள் துடித்ததோடு நின்றிருக்கலாம். வேலையில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் ஒரு வேலை உண்டல்லவா, அதற்கான விண்ணப்பத்தை அவர்களே வாங்கி, அவர்களே நிரப்பி, நாலு பேராக வந்து ஆவுடை முன்னால் நீட்டினார்கள்.

“மதினி, நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதிய. கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் பேச்சிமுத்து. தளவாய்க்குப் பக்கத்து மேசை. இருபது வருஷமாக ஆவுடை கட்டிக்கொடுத்த டிபன் டப்பாவில் பாதியைத் தின்றவர் அவர்தான்.

ஆவுடை விண்ணப்பத்தைப் பார்த்தாள். கல்வித் தகுதி என்ற இடத்தில், பேச்சிமுத்துவின் முத்து முத்தான எழுத்தில், ‘பி.ஏ., பொருளாதாரம்’ என்று இருந்தது.

“இது யாரு அண்ணாச்சி?”

“என்ன மதினி இப்படிக் கேக்கிய. நீங்கதான். தளவாய் சொல்லாத நாளு உண்டா? ‘எங்க வீட்ல பி.ஏ.வாக்கும், ஆனா அடுப்படியில பாத்தா தெரியாது’ன்னு வாய்க்கு வாய் சொல்லுவாரே.”

ஆவுடை படித்தது எட்டாவது. அதோடு பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் இருந்த உறவு அறுந்தது. எட்டாவதுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். மணியடித்தால் ஓடவேண்டும், கோப்பு தூக்கவேண்டும், டீ வாங்கவேண்டும், டம்ளர் கழுவவேண்டும். பி.ஏ.வுக்குத்தான் மின்விசிறியும் நாற்காலியும். சுவரில் மாலைக்கு நடுவே தளவாய் சிரித்துக்கொண்டிருந்தார். அட பாவி மனுஷா, என்று மனசுக்குள் வைதாள். ஆனாலும் செத்துப்போனவரை அவருடைய சிநேகிதர்கள் முன்னால் பொய்யராக்க அவளுக்கு வாய் வரவில்லை.

“சர்டிபிகேட் மட்டும் எடுத்துக் குடுங்க மதினி. இன்னைக்கே அனுப்பிருவோம்.”

“அது... போன வருஷ வெள்ளத்துல போயிட்டு அண்ணாச்சி.”

ஊரில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அந்தப் பொய் செல்லுபடியாகியிருக்கும். வந்திருந்த நாலு பேரும் பாசன ஆபீஸ். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“இந்தத் தெருவுக்கா?” என்றார் நமச்சிவாயம். அவர் ஆற்றுமட்டம் அளக்கிறவர். “தண்ணி பிள்ளையார் கோயில் ரெண்டாம் படியோட நின்னுட்டே மதினி. நான்தான குடையப் பிடிச்சிக்கிட்டு நின்னு அளந்தேன். இங்க வரணும்னா மேட்டுல ஏறில்லா வந்திருக்கணும்.”

“இங்க இல்ல. எங்க அண்ணன் வீட்ல இருந்துச்சு.”

“எந்தக் கரை?”

“தென்கரை.”

“அப்பம் சரி” என்றார் நமச்சிவாயம், முகம் தெளிந்து. “தென்கரைல நல்லாவே ஏறிச்சு.”

அதோடு விட்டார்களா? சான்றிதழ் தொலைந்தால் நகல் வாங்க வழி இருக்கிறதாம். போலீசில் மனுக் கொடுக்க வேண்டும், பேப்பரில் விளம்பரம் போடவேண்டும், பல்கலைக்கழகத்துக்கு எழுதவேண்டும். எல்லாவற்றையும் பேச்சிமுத்து தன் தலையில் தூக்கிப்போட்டுக்கொண்டார். தினமும் சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்பார். எந்தக் காலேஜ்? தபாலில் படித்தது. எந்த வருஷம்? ஞாபகமில்லை. சொந்த அண்ணன் செய்யாத உதவி. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு நாள், “நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம் மதினி, பத்து மணிக்கு ரெடியா இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் இசக்கி நர்சிங் இரண்டாம் வருஷம். விடுமுறைக்கு வந்திருந்தவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: “நான் பன்னெண்டாவது பாஸுதான? நான் படிப்ப நிறுத்திட்டு அந்த வேலைக்குப் போறேன். நீ போலீசுக்கெல்லாம் போவாண்டாம்.”

“வாய ஒடச்சிருவேன். படிக்கிற வேலையப் பாரு.”

“பெறவு என்னதான் செய்யப்போற?”

ஆவுடை சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆபீசில் போய்ச் சொன்னால் மானம் போய்விடும், பேச்சிமுத்து வீட்டுக்கே போய் அவரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, அந்த வீட்டுப் படி ஏறக் கால் கூசியது. பேச்சிமுத்துவின் பெண்சாதி செம்பா எம்.ஏ., பி.எட். அதுவும் தளவாய் சொன்னதுதான். அந்தப் பயத்திலேயே கல்யாண வீடுகளில் செம்பா இருக்கும் பந்தியில் ஆவுடை உட்கார்ந்ததில்லை. இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவைத்தால்?

பேச்சிமுத்து வீட்டில் இல்லை. செம்பாதான் கதவைத் திறந்தாள். அவள் முகம் சுருங்கியது.

“வாங்க. பி.ஏ. படிச்ச கால்லாம் நம்ம வீட்டுக்கு வருது.”

ஆவுடைக்குச் சுருக்கென்றது. “நீங்க எம்.ஏ. படிச்சிட்டு என்னய இப்படிச் சொல்லலாமா மதினி?”

“யாரு எம்.ஏ.?”

“நீங்கதான். எம்.ஏ., பி.எட்.”

செம்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “யக்கா, நான் அஞ்சாப்புக்கா. அதுலயும் பாதி நாளு மாடு மேய்க்கப் போயிட்டேன். உங்களச் சொல்லிச் சொல்லியே என்னய இந்த மனுஷன் வறுத்து எடுத்துட்டாரு. ‘தளவாய் பொண்டாட்டி பி.ஏ. படிச்சிட்டும் வாழப்பூ வடை அப்படிச் சுடுதா, உனக்கு என்ன வந்துச்சு’ன்னு. உங்க பேரக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும்.”

“நான் எட்டாப்பு” என்றாள் ஆவுடை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செம்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது ஆவுடையையும் பிடித்துக்கொண்டது. புருஷன் போனபின் அவள் சிரித்தது அன்றுதான். சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. “என்னய வெளிய சொல்ல அவுகளுக்கு வெக்கமா இருந்திருக்கு செம்பா. இருவது வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லல” என்றாள். செம்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் ஒரே குட்டையில ஊறுன பயலுவ, வுடுங்க” என்றாள்.

பேச்சிமுத்து வந்தபோது இரண்டு பேரும் வாசலிலேயே இருந்தார்கள். அவருக்குச் சைக்கிளை நிறுத்தும்போதே ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், ஸ்டாண்டு சரியாக விழவில்லை.

“வாங்க” என்றாள் செம்பா. “எம்.ஏ. காப்பி போடட்டுமா, பி.ஏ. காப்பி போடட்டுமா?”

பேச்சிமுத்து மதினியைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். “நமச்சிதான் மொதல்ல ஆரம்பிச்சான். அவன் வீட்ல ரெண்டு எம்.ஏ.ன்னு சொன்னான். பெறவு நான் எப்படி அஞ்சாப்புன்னு சொல்ல? நான் சொன்னதப் பாத்து தளவாயும் சொன்னாரு.”

“ரெண்டு எம்.ஏ.வா? அவ கையெழுத்துப் போட அரை மணி நேரம் ஆகுமே” என்றாள் செம்பா.

“சரி, போகட்டும்” என்றாள் ஆவுடை. “அண்ணாச்சி, எட்டாவதுன்னு எழுதுங்க.”

“எழுதிருவேன் மதினி. ஆனா அதுக்கு டீ வாங்குற வேலைதான் வரும். உங்க கையால சாப்ட்டுட்டு, உங்களப் போயி டீ வாங்கிட்டு வான்னு நாங்க எந்த வாயால சொல்லுவோம்? இசக்கி பேருக்குப் போடுவோமே. நாற்காலி கெடைக்கும்.”

“எம் மக ஊசி போடப் படிக்கா. அவ நாற்காலியில வந்து உக்காரவேண்டாம். வேலை எனக்குத்தான். எழுதுதியளா, இல்ல உங்க எம்.ஏ.வ வச்சு எழுதிக்கிடட்டுமா?”

பேச்சிமுத்து பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செம்பா அதைப் பிடுங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு பி.ஏ.வை ஒரே கோடாக அடித்து, மேலே ‘எட்டாம் வகுப்பு’ என்று கோணல்மாணலாக எழுதிக்கொடுத்தாள்.

மாவட்ட ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சிமுத்துவும் நமச்சிவாயமும் துணைக்கு வந்து சுவரோரம் நின்றார்கள். செயற்பொறியாளர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், சின்ன வயசுதான். தாளைப் புரட்டிப் பார்த்தார்.

“பி.ஏ.ன்னு எழுதி அடிச்சிருக்கே. எது நெஜம்மா?”

“எட்டாவதும்மா. பி.ஏ. எங்க வீட்டுக்காரர் குடுத்த பட்டம். எங்க ஆபீஸ்ல எல்லார் வீட்லயும் அப்படி ஒண்ணு உண்டு.”

சுவரோரம் நமச்சிவாயத்துக்கு இருமல் வந்தது. பேச்சிமுத்து மேலே சுற்றிய மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

அந்த அம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆவுடை பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது. “இந்தப் படிப்புக்கு அலுவலக உதவியாளர் வேலைதான் தர முடியும். உங்க வீட்டுக்காரர் உக்காந்து வேலை பாத்த எடம். அங்கேயே அவரு கூட்டாளிகளுக்கு டீ டம்ளர் எடுக்கணும். உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்காதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்னம்மா இருக்கு. வீட்ல இருவது வருஷமா அவுகளுக்கு அதத்தான செஞ்சேன்” என்றாள் ஆவுடை. “சம்பளந்தான் கெடையாது.”

அந்த அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார்.